காரைக்குடி வட்டாரப் பட்டறைக்காரர்களுக்கு: கிரௌன் ஆயில் பற்றி ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், பள்ளத்தூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு வணக்கம்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். வண்டியின் பின்பக்க ஹவுசிங்கில் (பின்சக்கரங்களைச் சுழற்றும் கியர்கள் இருக்கும் கூடு, டிஃபரன்ஷியல் என்பதும் கிரௌன் என்பதும் இதைத்தான்) என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று பில்லில் ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்? எஞ்சின் ஆயிலுக்கு மட்டும் பிராண்டு, கிரேடு, லிட்டர் எல்லாம் வருகிறது, டிஃபரன்ஷியல் என்றால் "கியர் ஆயில்" என்று ஒரே வரி. சிந்தெடிக்தானே என்று கேட்டால், "நல்ல சரக்குதாண்ணே, போட்டாச்சு" என்று பதில் வரும். டின்னைக் காட்டுங்கள் என்றால் முகம் மாறிவிடும்.

டின்னில் சிந்தெடிக் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் வாங்குகிறவர்களும் நம்மில் நிறைய. பிஏஓ என்கிற, ஆலையில் தயாரித்த அடிப்படை எண்ணெயும் அந்தப் பெயரில் வருகிறது, கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்து எடுத்த குரூப் 3 எண்ணெயும் அதே பெயரில் வருகிறது. 1999-ல் அமெரிக்காவில் மொபிலும் காஸ்ட்ராலும் இதற்காகவே மோதிக்கொண்டு, குரூப் 3-ஐயும் அப்படி விளம்பரம் செய்யலாம் என்றுதான் முடிந்தது. அதனால் முன்பக்கத்தை விடுங்கள், டின்னைத் திருப்பிப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஜிஎல் எண், அதாவது கியர் ஆயில் எவ்வளவு அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும் என்று சொல்லும் தர எண்.

பின்சக்கரத்தால் ஓடும் நம் லோடு வண்டி, வேன்களில் பெரும்பாலும் ஹைப்பாய்டு கியர்தான். பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் மையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும், அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் பிதுங்கி வெளியே போய்விடும். அந்த நேரத்தில் பல்லைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம்தான், சூட்டில் இரும்போடு வினைபுரிந்து மேலே மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். (டின்னைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற நாற்றம் இதனால்தான், கெட்டுப்போன ஆயில் என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம்.) ஜிஎல்-5-ல் இருக்கும் இந்தச் சேர்மானத்தில் ஏறக்குறைய பாதிதான் ஜிஎல்-4-ல். சரி, அப்போது எல்லாவற்றுக்கும் ஜிஎல்-5 ஊற்றிவிடலாமே என்றால் அதுவும் தப்பு. ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் அதை ஊற்றினால் சில ஆயில்களில் உள்ள கந்தகம் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும், கியரும் சரியாக விழாது. ஒரே டிரம், ஒரே புனல் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் ஊற்றுகிற பட்டறை இன்னும் இருக்கிறது, யாரென்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து கிரேடு. 75டபிள்யூ-90 என்பதில் அந்த 75, மைனஸ் 40 டிகிரி குளிரில் சோதித்துக் கொடுக்கும் எண். மார்கழி விடியற்காலையில்கூட நம்மூரில் அதற்கு வேலை இல்லை. நமக்குக் கவனம் வேண்டியது பின்னால் வரும் எண்: 100 டிகிரி சூட்டில் 90 என்றால் 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), 140 என்றால் 24-லிருந்து 32.5-க்குள். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம். வண்டிப் புத்தகம் 85டபிள்யூ-140 கேட்கிறபோது, விலை கூடியது என்பதற்காக 75டபிள்யூ-90 சிந்தெடிக் ஊற்றுவது உபகாரம் ஆகாது.

நல்ல சிந்தெடிக்கால் நமக்குக் கிடைக்கும் லாபம் சூட்டில்தான். சூடேறினாலும் சட்டென்று நீர்த்துப் போகாது, சீக்கிரம் கருகாது. கார்த்திகையில் சபரிமலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன், கொடைக்கானல் ஏறும் டூரிஸ்ட் வண்டி, ஆத்தங்குடிக் கல் முழு லோடு அடுக்கிக்கொண்டு சித்திரை வெயிலில் சென்னைக்கு ஓடும் வண்டி, இவர்களுக்குப் புத்தகம் சொல்லும் கிரேடிலேயே சிந்தெடிக் போடுங்கள், காசுக்குத் தகும். ஊருக்குள்ளேயே சுற்றும் பள்ளி வேனுக்கும் தண்ணீர் கேன் வண்டிக்கும் நல்ல கம்பெனி மினரல் ஜிஎல்-5-ஐக் காலத்தில் மாற்றினாலே போதும். சிந்தெடிக்கை அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

ஐப்பசி மழையில் கண்மாய் மறுகால் ரோட்டைத் தாண்டி ஓடும்போது, சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, சீல் வழியாகவோ பிரீதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிடும். அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சிந்தெடிக்காக இருந்தாலும் இறக்கித்தான் ஆக வேண்டும். பிரீதர் சேறு அடைத்திருந்தால் அழுத்தம் ஏறி, ஆயில் ஆக்சில் சீலைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் போகும். சீலை மட்டும் மாற்றிவிட்டு, பிரீதரைச் சுத்தம் செய்யும் அந்த ஐந்து நிமிட வேலையை விட்டுவிடுகிறீர்கள், வண்டி மறுபடி உங்களிடமே வருகிறது. இறக்கும்போது டிரெயின் பிளக்கில் கை வைக்கும் முன் மேலே உள்ள, ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காந்த பிளக்கில் மை போல இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் பயமில்லை, பல் சில்லு இருந்தால் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஆயில் பிரேக் டிராக்டர் வந்தால் இந்தக் கணக்கே வேறு. கியர், ஹைட்ராலிக், பிரேக் எல்லாம் ஒரே ஆயிலில் ஓடுகிற வண்டிகளுக்கு யுடிடிஓ என்ற டிராக்டர் ஆயில் தனியாக இருக்கிறது. ஜிஎல்-5 சிந்தெடிக்கைக் கொண்டுபோய் ஊற்றினால் பிரேக் சரியாகப் பிடிக்காது, வயல்காட்டில் எப்படியோ, டிரெய்லரோடு ரோட்டில் வந்தால் ஆபத்து.

நான் கேட்பது இரண்டே இரண்டு. கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனி டின், புனல் வையுங்கள். பில்லில் ஜிஎல் எண், கிரேடு, கிலோமீட்டர் மூன்றையும் எழுதுங்கள். வரும் கார்த்திகை சீசனுக்கு முன்பே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
கல்லல் பக்கத்து வேன்காரன்