அரிசிக்குச் சாயம் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடம் போகிறதற்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கைவேலையாகச் சொல்லிக்கொடுப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தை என் மருமகள் செல்பேசியில் காட்டினாள். தாளைக் கிழித்து ஒட்டுவது, துணி கிளிப்பை மாட்டிக் கழற்றுவது எல்லாம் சரிதான். ஆனால் இரண்டு கப் பச்சரிசியில் சமையல் சாயமும் வினிகரும் கலந்து, காயவைத்து, தாம்பாளத்தில் கொட்டிப் பிள்ளையை அள்ளி விளையாட விடுங்கள் என்று போட்டிருந்தீர்களே, அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை. விளையாடி முடித்தபின் அந்த அரிசி எங்கே போகும் என்று எழுதவில்லை. குப்பைக்குத்தான். வினிகரில் ஊறின நீல அரிசியை யார் உலையில் போடுவார்கள்?

நான் இருப்பது ரங்கூனில், தாம்வே பக்கம். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்து ஐராவதி கழிமுகத்தில் கடல் ஏறியபோது, நெல் விளைகிற பூமி உப்புத்தண்ணீரில் கிடந்தது. பானையை எட்டி எட்டிப் பார்த்து உலை வைத்த நாட்கள் அவை. இப்போதும் கடையில் விலையைக் கேட்டுவிட்டுத்தான் எத்தனை டப்பா என்று சொல்கிறோம். அதனால் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. அது கிடக்கட்டும். சமைக்கப் போகிற அரிசியிலேயே பிள்ளைக்கு அந்த வேலை முழுக்க இருக்கிறது, இன்னும் கூடவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் அரிசியை டின்பால் டப்பாவால் அளப்பது வழக்கம். 8 டப்பா ஒரு பியி, 16 பியி ஒரு கூடை. என் பேத்திக்கு நாலு வயது. மகனும் மருமகளும் விடியற்காலையில் வேலைக்குப் போனபின் அன்றைய அரிசியை எடுப்பது அவள் பொறுப்பு. டப்பாவைச் சாக்குக்குள் விட்டு முகப்பாள், கும்பலாக வரும். இடது உள்ளங்கையால் வழித்துத் தலைதட்ட வேண்டும். உதிர்வது சாக்குக்குள்ளேயே விழ வேண்டும், வெளியே சிந்தினால் அவளேதான் பொறுக்க வேண்டும். ஆரம்பத்தில் பாதிக்கு மேல் தரையில்தான் கிடந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது மணிக்கட்டு தானாகவே திரும்புகிறது. பாலர் வகுப்பில் பர்மியத்தில் எண்ணுகிறவள், அரிசிக்கு மட்டும் ‘லாபம், ரெண்டு, மூணு’ என்பாள். ஒன்றுக்குப் பதிலாக லாபம் சொல்லித்தான் தானியம் அளக்க வேண்டும் என்று அவள் தாத்தா சொல்லிவைத்தது.

ஒருநாள் அளந்த ஒரு டப்பா அரிசியை உயரமான டம்ளரில் கொட்டினாள். ‘அப்பாயி, நிறைய ஆயிருச்சு!’ அதையே அகலமான பேசினில் கொட்டச் சொன்னேன். ‘கொறஞ்சு போச்சு’ என்று முகம் சுண்டிவிட்டது. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ழான் பியாஜே தண்ணீரை வைத்துச் செய்து பார்த்தது இதைத்தான். ஏறக்குறைய ஏழு வயது வரைக்கும் பிள்ளைகள் உயரத்தைப் பார்த்துத்தான் அளவு சொல்லும். அதற்கு விளக்கம் சொல்லி உட்கார்ந்தால் பிள்ளைக்கும் அலுப்பு, நமக்கும் அலுப்பு. மறுபடியும் டப்பாவில் கொட்டு என்று மட்டும் சொன்னேன். தலைதட்டி நின்றது. டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன். சாய அரிசியிலும் அள்ளலாம், கொட்டலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு டப்பா குறைந்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. இதில் குறைந்தால் ராத்திரி சோறு குறையும் என்று அவளுக்கே தெரியும்.

பருப்புக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் இங்கே தானியம், பருப்பு மொத்த வியாபாரம் நடக்கிற பயினவுங் சந்தையில் ஒரு தரகுக் கடையில் கணக்கு எழுதியவர். உங்கள் ஊர் இட்லிக்கு அரைபடுகிற உளுந்தில் ஒரு பங்கு எங்கள் ஊரிலிருந்து கப்பலேறி வருவதுதான். எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்) என்று அதில் தரம் உண்டு, எஸ்.க்யூ. ஒசத்தி. முறத்தில் ஒரு கைப்பிடி உளுந்தைப் பரப்பி வைத்தால் பேத்தி கல்லைத் தனியாக, சொத்தையைத் தனியாக, உடைந்ததைத் தனியாக விரல் நுனியால் தள்ளுவாள். நல்லதாக ஒன்று கிடைத்தால் ‘இது எஸ்க்யூ’ என்று தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டி ஒப்புதல் வாங்காமல் விடமாட்டாள். பென்சில் பிடிக்க வேண்டிய அதே இரண்டு விரலும் கட்டைவிரலும்தான் அங்கே வேலை செய்கின்றன. புடைக்கிறது, கொழிக்கிறது, அரிக்கிறது எல்லாம் போகிறபோக்கில் அவள் வாயில் வந்துவிட்டன. தெருவில் பர்மியம், வகுப்பில் பர்மியம் என்றிருக்கிற பிள்ளைக்கு வேறு எங்கே தமிழ் கிடைக்கும், சொல்லுங்கள்.

இங்கே உங்கள் பக்கத்தில் ஒரு பெரிய குறை. தட்டு நிறையப் பட்டாணியும் ராஜ்மாவும் படத்தில் இருக்கின்றன, எச்சரிக்கையாக ஒரு வரி இல்லை. மூன்று வயதுக்குக் கீழே கடலை, பட்டாணி, பருப்பு எதுவும் பிள்ளை கைக்கே வரக்கூடாது. அதற்கு மேற்பட்ட வயதானாலும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். எதிர்வீட்டுப் பையன் காய்ந்த பட்டாணி ஒன்றை மூக்கில் ஏற்றிக்கொண்டான். பாட்டி கொண்டை ஊசியால் நெம்பப் பார்க்க, அது இன்னும் உள்ளே போனது. மூக்கின் ஈரத்தில் பட்டாணி ஊதிக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக எடுப்பது கடினம். காதில் போனாலும் தண்ணீரோ எண்ணெயோ விடக்கூடாது, தண்ணீர் பட்டால் விதை ஊறிப் பருத்துவிடும். நேரே டாக்டரிடம் போவதுதான் வழி. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று இருமலோ மூச்சில் சீழ்க்கைச் சத்தமோ வந்து, பிறகு தானாகவே அடங்கிவிட்டாலும் சும்மா விடக்கூடாது. மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருக்கலாம்.

இன்னொன்று, எங்கள் ஊர்ச் சமாச்சாரம்: தனக்கா. பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசுவதைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மரத்துண்டின் பட்டையை வட்டக் கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இழைக்க வேண்டும், நம்மூரில் சந்தனம் உரைப்பதுபோல. தண்ணீர் கூடினால் ஓடும், குறைந்தால் கட்டை வழுக்காது. எவ்வளவு என்று வாயால் சொல்லித்தர முடியாது, கைதான் கண்டுபிடிக்க வேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் வட்டம் போடப் பழகுகிறது. பர்மிய எழுத்து முக்காலும் வட்டம். 2016இல் பாடத்திட்டம் மாறியதிலிருந்து இங்கே ஐந்து வயதில் கே.ஜி. வகுப்பு, ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த வட்டத்தைத்தான் எழுதச் சொல்வார்கள். நம் ‘அ’வும் ஒரு சுழியில்தானே தொடங்குகிறது. இழைத்த தனக்காவை எனக்கும் பூசிவிடுவாள், கண்ணுக்குள் படாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய பள்ளியில் வீட்டுவேலையும் முக்கியமான பாடம்: ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது. அந்த அம்மாள் 1939இல் உங்கள் அடையாறுக்கே வந்தவர். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இப்போது அவர் பெயரைப் போட்டு, தண்ணீர் வராத குழாயும் எரியாத அடுப்புமாக மரத்தில் பொம்மைச் சமையலறை விற்கிறார்கள். அடுத்த அறையில் நிஜச் சமையலறை இருக்க, அதற்கு இத்தனை காசா என்று மருமகளே சிரித்தாள்.

பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கும், அதனால்தான் உணவுப்பொருளைச் சொன்னேன் என்று எழுதியவர் சொல்லலாம். நியாயம். அந்தச் சின்ன வயதுக்கு வெந்த சோறும் வாழைப்பழமும் இருக்கின்றன. பிசைந்து அளைந்தபின் வயிற்றுக்குள்தான் போகும். வளர்ந்த பிள்ளைக்கு நிறம்தான் வேண்டும் என்றால் ஆற்றுமணலை அலசிக் காயவைத்துச் சாயம் போடுங்கள், ஆட்சேபணை இல்லை.

மூன்று, நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதையும் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அதை மின்வெட்டே பார்த்துக்கொள்கிறது.

பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதற்கெல்லாம் நேரமேது என்பீர்கள். என் மகன் வீடே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மருமகள் துவைத்ததை மடிக்கும்போது கைக்குட்டையும் சின்னத் துண்டும் பேத்தியின் பங்கு. ஓரத்தோடு ஓரம் சேராமல் கோணலாகத்தான் இருக்கும், அவள் கண்ணெதிரே பிரித்துத் திருப்பி மடிப்பதில்லை என்று எங்களுக்குள் பேச்சு. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

சாய அரிசியைப் பற்றி நான் சொன்னதை நீங்கள் ஏற்றாலும் சரி, ஏற்காவிட்டாலும் சரி. பட்டாணி, பருப்பு பற்றிய எச்சரிக்கையை மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பில் கண்ணில் படுகிற மாதிரி கட்டம் கட்டிப் போடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை வீட்டில் தட்டு வைத்திருக்கிறார்களோ.

இப்படிக்கு,
ஒரு அப்பாயி,
தாம்வே, ரங்கூன்.