நீண்ட பயிற்சிகளின் நடுவே மூடிக்கொள்ளும் மென்பொருள்: ஒரு சந்தாதாரரின் புகார்

அனுப்புநர்:
ஆண்டுச் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
சந்தாதாரர் சேவைப் பிரிவு.

பொருள்: வீட்டுக் கணினியில் இயங்கும் தங்கள் சைக்கிள் பயிற்சி மென்பொருள் நீண்ட பயிற்சிகளின்போது தானாக மூடிக்கொள்வதும் பயிற்சிப் பதிவுகள் வீணாவதும் குறித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா செலுத்தி, விண்டோஸ் 11 உள்ள மேசைக் கணினியில் அதைப் பயன்படுத்தி வருகிறேன். புதிய பாதைகளும் மெருகேற்றிய காட்சிகளும் சேர்த்து வெளியிட்ட பதிப்பு தானாகவே நிறுவப்பட்ட நாள் முதல், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சி எதையும் என்னால் முழுமையாக முடிக்க முடியவில்லை. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. திரையில் மலைப்பாதை ஓரிரு நொடிகள் உறைந்து நிற்கும். அடுத்த கணம் விண்டோஸின் முகப்புத் திரை மட்டும் தெரியும். அரை மணி, முக்கால் மணி நேரப் பயிற்சிகளில் இது நிகழ்வதே இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிட விரும்புகிறேன். தங்கள் உதவிக் குழுவினர் ஒவ்வொரு முறையும் கண்டுகொள்ளாமல் விடுவது இந்த ஒன்றைத்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூருக்கு மலைச்சாலையில் சைக்கிளில் ஏறுவதற்காகப் பயிற்சி செய்பவன் நான். அதற்கு இரண்டு மணி நேரம் விடாமல் மிதித்துப் பழகுவதே முக்கியம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அவிநாசி சாலையில் மாலை நேரத்தில் அப்படி மிதிக்க வழியில்லை என்பதால்தான் சைக்கிளை ஓரிடத்தில் பொருத்தி வைத்தே மிதிக்க உதவும் டிரெய்னர் கருவியை வீட்டுக்கு வாங்கி, சந்தாவும் கட்டினேன். குறுகிய பயிற்சிகளில் மென்பொருள் நன்றாக ஓடுகிறது என்று தங்கள் குழு கூறும் ஆறுதல் எனக்கு எவ்வகையிலும் பயன்படாது.

முதலில் வந்த பதில், திரைக் காட்சிகளை இயக்கும் துணை நிரலான கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னது. பழைய டிரைவரை முழுமையாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவினேன், மாற்றமில்லை. அடுத்த பதில், கோவையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் இருக்கலாம் என்றது. என் கணினி யூபிஎஸ் வழியாகவே இயங்குகிறது. அதன் பிறகு ஆன்டிவைரஸை நிறுத்துதல், மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுதல், டிரெய்னரைக் கம்பியின்றிக் கணினியுடன் இணைக்கும் சிறு கருவியான டாங்கிளை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றுதல் என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றையும் செய்து முடித்து விவரமாக எழுதிய பின்னும், வேறொருவர் பெயரில் அதே பட்டியல் முதல் வரியிலிருந்து மீண்டும் வந்தது. ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் "உற்சாகமாக மிதியுங்கள்" என்ற வாழ்த்து மட்டும் தவறாமல் இருக்கிறது.

டாங்கிள் பற்றிய ஆலோசனைக்குத் தனியாக ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. யூஎஸ்பி 3 துளைகளிலிருந்து எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாதிக்கும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இலேயே விளக்கி எழுதியிருக்கிறது. டிரெய்னர் கணினியுடன் பேசும் கம்பியில்லா முறைகளான ஆன்ட் பிளஸ், புளூடூத் இரண்டும் அதே அலைவரிசையில் இயங்குபவை. ஆகவே நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை டிரெய்னரின் அருகிலேயே வைத்திருக்கிறேன். ஆனால் அந்த இரைச்சலால் நேர்வது இணைப்புத் துண்டிப்பு: மிதிக்கும் சக்தியைக் காட்டும் வாட் எண் சில நொடிகள் பூஜ்யத்துக்கு விழும், திரையில் என் சைக்கிள் நின்றுவிடும், மென்பொருள் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்கும். எனக்கு நேர்வது அதுவல்ல. மென்பொருளே மறைந்துபோகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது உதவிக் குழுவின் பாலபாடம் அல்லவா?

ஆகவே கணினியில் நேரும் பிழைகளைக் குறித்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று நானே பார்த்தேன். மின்தடையாலோ, கணினி திடீரென்று அணைந்துபோவதாலோ ஏற்பட்டிருந்தால், கெர்னல் பவர் என்ற பெயரில் 41 என்ற எண்ணுடைய நிகழ்வு பதிவாகியிருக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டிருந்தால் 4101 என்ற நிகழ்வு இருக்க வேண்டும், அதுவும் இல்லை. மென்பொருள் மூடிக்கொண்ட ஒவ்வொரு நேரத்திலும் பதிவாகியிருப்பது அப்ளிகேஷன் எரர் என்ற 1000-ஆம் எண் நிகழ்வு. பிழையின் வகை அக்சஸ் வயலேஷன், அதாவது தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியை நிரல் தொட முயன்றது என்பது. பிழை நேர்ந்த தொகுதி என்ற இடத்தில் டிரைவரின் பெயரோ விண்டோஸ் கோப்பின் பெயரோ இல்லை; தங்கள் மென்பொருளின் முதன்மைக் கோப்பின் பெயரே இருக்கிறது. ரேம் பழுதா என்ற ஐயத்தையும் விட்டுவைக்க வேண்டாம் என்று இரவு முழுவதும் நினைவகச் சோதனையை ஓட விட்டேன். காலையில் பார்த்தபோது பிழை ஏதும் இல்லை.

அதன் பிறகு, பயிற்சி நடக்கும்போதே, இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரை இரண்டாவது திரையில் திறந்துவைத்து, டீட்டெயில்ஸ் பகுதியில், நிரல் தனக்கென ஒதுக்கிக்கொண்ட நினைவகத்தின் அளவைக் காட்டும் கமிட் சைஸ் என்ற பத்தியைக் கவனித்து வந்தேன். பயிற்சி தொடங்கும்போது ஏறத்தாழ ஒன்றரை ஜிபியாக இருப்பது, ஒரு மணி நேரத்தில் இரண்டரை ஜிபியைத் தாண்டுகிறது, ஒருமுறைகூட இறங்குவதில்லை. மூன்றரை ஜிபியை நெருங்கும் வேளையில் மென்பொருள் மூடிக்கொள்கிறது. ஆள் நடமாட்டம் குறைந்த பாதைகளில் இந்த ஏற்றம் மெதுவாகவும், ஞாயிற்றுக்கிழமைக் குழுப் பயிற்சிகளில் வேகமாகவும் இருக்கிறது. திரையில் என் அருகில் வந்துபோகும் மற்ற சந்தாதாரர்களின் உருவம், சட்டை, சைக்கிள் ஆகியவற்றின் படங்களை நினைவகத்தில் ஏற்றிவிட்டு, அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் விடுவிக்காமல் வைத்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இது என் ஊகம்தான். உறுதிசெய்ய வேண்டியவர்கள் நிரலை எழுதிய தங்கள் பொறியாளர்கள்.

ஆனால் அதே டீட்டெயில்ஸ் பகுதியில் பிளாட்ஃபார்ம் என்ற பத்தியைத் திறந்தபோது தெரிந்தது ஊகம் அல்ல. தங்கள் மென்பொருள் இன்னமும் 32 பிட் நிரலாகவே இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் ஓடும் 32 பிட் நிரல் ஒன்றுக்கு, கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும், கிடைக்கக்கூடிய முகவரி இடம், அதாவது அது எட்டக்கூடிய நினைவகத்தின் எல்லை, அதிகபட்சம் 4 ஜிபி. அதற்கெனத் தனியாகக் குறியிட்டுத் தொகுக்காவிட்டால் 2 ஜிபி மட்டுமே. அந்த 4 ஜிபியும் நேரம் ஆக ஆகத் துண்டு துண்டாகச் சிதறிவிடுவதால், எல்லையைத் தொடும் முன்பே பெரிய படம் ஒன்றை ஏற்றத் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் போகும். இடம் கிடைக்கவில்லை என்பதைச் சரிபார்க்காமல் நிரல் அடுத்த அடி எடுத்துவைத்தால் வருவது அக்சஸ் வயலேஷன்தான். மூன்றரை ஜிபி, நீண்ட பயிற்சி, குழுப் பயிற்சி, பிழையின் வகை ஆகிய எல்லாம் இந்த ஒரே காரணத்தில் வந்து பொருந்துகின்றன.

இப்படியிருக்க, தங்கள் குழு எனக்குத் தந்த ஆலோசனை ரேமை அதிகப்படுத்துங்கள் என்பது. அதை நம்பி, 8 ஜிபியாக இருந்ததை 16 ஜிபியாக உயர்த்தினேன். குடத்தை மாற்றாமல் கிணற்றை ஆழப்படுத்திய கதையாக, மென்பொருள் அதே மூன்றரை ஜிபியில் அதே விதமாக மூடிக்கொண்டது. தாங்கள் விற்கும் நிரல் 32 பிட் என்பது தங்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. தெரிந்தும் ஒரு வாடிக்கையாளரைக் காசு செலவழித்து ரேம் வாங்க வைத்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் நான் சற்றுக் கடுமையாக எழுதும் இடம் இது ஒன்றுதான். அதற்குக் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூடிக்கொள்வதைவிட வருத்தம் தருவது, அதுவரை மிதித்த பயிற்சியின் பதிவும் சேர்ந்து போவது. பயிற்சிப் பதிவு, உடற்பயிற்சித் தரவுக்கான ஃபிட் என்ற வடிவக் கோப்பாகக் கணினியில் சேமிக்கப்படுகிறது. அக்கோப்பின் தலைப்பகுதியில் தரவின் மொத்த அளவும், கடைசி இரண்டு பைட்டுகளில் சரிபார்ப்பு எண்ணும் இருக்க வேண்டும் என்பது அவ்வடிவத்தின் விதி. தங்கள் மென்பொருள் இவ்விரண்டையும் பயிற்சியை முடிக்கும் பொத்தானை அழுத்தும்போது மட்டுமே எழுதுகிறது. நடுவில் மூடிக்கொண்டால், தலைப்பகுதியில் அளவு பூஜ்யம் என்றே நிற்கிறது. கடைசியில் சரிபார்ப்பு எண் இல்லை. பதிவேற்றும் தளங்கள் கோப்பு பழுதானது என்று ஏற்க மறுக்கின்றன. ஆனால் கோப்பிலுள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அதைத் திறந்து பார்த்தால் வாட், இதயத் துடிப்பு, சுழற்சி வேகம் என்று நொடிக்கு ஒரு பதிவாக எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கின்றன. சில நூறு கிலோபைட் அளவுள்ள கோப்பில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இந்த இரண்டு மதிப்புகளையும் புதுப்பித்து எழுதுவது பெரிய வேலை அல்ல. அது மட்டும் செய்யப்பட்டிருந்தால், மூடிக்கொள்ளும் பிழை நீடித்தாலும் என் உழைப்பாவது மிஞ்சியிருக்கும்.

பாதுகாப்பு சார்ந்த இன்னொரு குறையையும் பதிவு செய்கிறேன். எர்க் எனப்படும் முறையில், மென்பொருள் கேட்கும் வாட் அளவுக்கு ஏற்ப டிரெய்னர் தானே எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கிறது. மென்பொருள் மூடிக்கொண்ட பின்னும், என் டிரெய்னர் கடைசியாக வந்த கட்டளையையே சிறிது நேரம் பிடித்துக்கொள்கிறது. கடுமையாகவும் மெதுவாகவும் மாறி மாறி மிதிக்கும் பயிற்சியில், 240 வாட் கட்டத்தின் நடுவே திரை மறைந்தபோது, திகைப்பில் மிதிக்கும் வேகம் குறைந்தது. வேகம் குறையக் குறைய அதே வாட்டைத் தக்கவைக்க டிரெய்னர் எதிர்ப்பை ஏற்றிக்கொண்டே போனது. பெடல் இறுகி நின்று முழங்காலில் வலி எடுத்தது. மென்பொருளின் இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால் எதிர்ப்பை விடுவிக்கும் ஏற்பாட்டை டிரெய்னர் தயாரிப்பாளர்களுடன் பேசிச் செய்ய வேண்டியது தங்கள் பொறுப்பும்தான்.

என் கோரிக்கைகளைக் கூறிவிடுகிறேன். மூடிக்கொண்ட கணத்தில் நிரல் இருந்த நிலையைக் காட்டும் கிராஷ் டம்ப் கோப்புகளையும் ஈவென்ட் வியூவர் பதிவுகளையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். அவை கிடைத்ததாக ஒப்புக்கொண்ட பிறகும் மறுபடி அவற்றையே கேட்டார்கள். இக்கடிதத்துடன் மீண்டும் இணைத்திருக்கிறேன். இம்முறை அவற்றை உதவிக் குழு அல்லாமல் நிரலாளர் ஒருவர் திறந்து பார்த்து, காரணம் என்னவென்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 64 பிட் பதிப்பு வரும் என்றால் எப்போது என்று கூற வேண்டும். அதுவரை, கட்டாயப் புதுப்பிப்பை எனக்கு நிறுத்திவைத்து, முந்தைய பதிப்பைப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும். நடுவில் அறுந்த பயிற்சிகளின் ஃபிட் கோப்புகளைத் தங்கள் தரப்பிலேயே சரிசெய்து என் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றில் எதுவும் இயலாது என்றால், சந்தாவில் எஞ்சிய காலத்துக்கான தொகையையும், தங்கள் ஆலோசனையின்பேரில் வாங்கிய ரேமின் விலையையும் திருப்பித் தர வேண்டும், ரசீது இணைக்கப்பட்டுள்ளது.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டிய கடமை குறைதீர்ப்பு அலுவலராகிய தங்களுக்கு உண்டு. அதே பட்டியல் மீண்டும் வருமானால் அதை நான் பதிலாகக் கருதமாட்டேன். கெடு முடிந்ததும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தாதாரர்.