தீபாவளிப் பெயரில் நம் பூங்காவுக்கு வேலி வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் நம் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழாக் குழுவினருக்கு,

ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் என் வணக்கம்.

நகராட்சிக்கு எழுத வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி, அக்கம்பக்கத்தார் கையெழுத்துப் போட்ட நான்கு நோட்டுகளோடு கொடுத்தாயிற்று. இந்த மடல் உங்களுக்கு. நீங்கள் எனக்கு அந்நியர்கள் இல்லை. உங்களில் இரண்டு பேருக்கு மாலை வகுப்பில் அ, ஆ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சிலர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் பரிமாறியிருக்கிறேன். அந்த உரிமையில் நேராகவே கேட்கிறேன். வரும் தீபாவளிக்கு அந்த நிகழ்ச்சி நடத்தும் கம்பெனி நம் பூங்காவில் நடத்தப் போகும் மூன்று நாள் டிக்கெட் திருவிழாவுக்குச் சங்கத்தின் பெயரைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் செய்தியே எங்களுக்கு ஒரு விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த போஸ்டரிலிருந்துதான் தெரிந்தது. மேடை, பாட்டு, சாப்பாட்டுக் கடைகள், பீர் கூடாரம், நுழைவுக் கட்டணம் எல்லாம் போட்டு, அடியில் சங்கத்தின் குத்துவிளக்குச் சின்னம். பூங்காவை ஒட்டிய தெருக்களில் இருக்கும் ஒரு வீட்டிலும் யாரும் வந்து கேட்கவில்லை. அப்புறம் விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தபோது, ‘சமூகப் பண்பாட்டு நிகழ்ச்சி’ என்று அதில் எழுதியிருந்தது. அப்படி எழுத முடிந்தது உங்கள் பெயர் அதில் இருப்பதால்தான்.

போன வருஷம் அதே கம்பெனி வேறு பெயரில் நடத்தியதை நீங்களும் பார்த்தீர்கள். இரண்டு நாள் நிகழ்ச்சி என்றார்கள். வேலி போட லாரி வந்தது புதன்கிழமை. கடைசி இரும்புத் தட்டியை ஏற்றிக்கொண்டு போனது அதற்கடுத்த வாரத்துக்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் பாட்டுக்கு இரண்டு வாரம் பூங்கா மூடிக் கிடந்தது. காலையில் நடக்கப் போகும் நாங்கள் தார் ரோட்டோரத்தில், டாக்சிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். பந்து விளையாடும் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் ராத்திரி முழுக்க ஓடியது. என் பக்கத்து வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அண்ணன், ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது, திறந்தால் காது வலிக்கிறது என்று அழுதார். இதையெல்லாம் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். எப்போதோ ஒரு தடவைதானே என்று இருந்துவிட்டோம்.

லண்டனிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே பிராக்வெல் பூங்காவில் கோடைக்காலத்துப் பெரிய இசை விழாக்களை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனித் திட்ட அனுமதி இல்லாமல் ஓர் இடத்தைத் தற்காலிகமாக வேறு காரியத்துக்குப் பயன்படுத்த அங்கே வருஷத்துக்கு 28 நாள்தான் வரம்பு. கட்டுவதையும் பிரிப்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நாட்கள் 37 ஆயின. 2025 மே மாதம் தீர்ப்பு மக்கள் பக்கம் வந்தது. விழாக்கள் வேறு வழியில் அனுமதி வாங்கி அந்த வருஷமும் நடந்தன, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வேலி நிற்கும் ஒவ்வொரு நாளும் கணக்கில் வர வேண்டும் என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. போஸ்டரில் உள்ள மூன்று நாளை மட்டும் எண்ணாமல், லாரி வரும் நாளிலிருந்து லாரி போகும் நாள் வரைக்கும் எண்ணிப் பாருங்கள் என்றுதான் நானும் உங்களைக் கேட்கிறேன்.

சரி, இனி மனசில் இருப்பதைச் சொல்கிறேன்.

என் அப்பா நகரத்துப் பூங்காக்களில் புல் வெட்டியவர். நாங்கள் அப்போது மேகசின் பாரக்ஸில் குடியிருந்தோம். நகரத்து வேலை பார்த்த இந்தியர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகள். உங்களில் மூத்தவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பள்ளி விடுமுறையில் அம்மா தூக்குச்சட்டியில் சோறும் பருப்பும் போட்டுக் கொடுப்பார். கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பூங்காவுக்கு நான் கொண்டுபோவேன். அங்கே அப்பா வெட்டிய புல், அப்பா தண்ணீர் ஊற்றிய செடி, அப்பா பெயின்ட் அடித்த பெஞ்சு. அந்தப் பெஞ்சில் அவர் உட்காரக் கூடாது. வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை இருந்தது. மண்வெட்டி வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் குத்துக்காலிட்டுச் சாப்பிடுவார். ஒரு நாள் அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஏழு வயது. அப்பா ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். திட்டவில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிப் பயந்து பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1953-இல் வந்தது. பிரித்துக் கொடுக்கும் வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்று அந்தச் சட்டமே வாய்விட்டுச் சொன்னது. அது நீக்கப்பட்டது 1990-இல். அப்பா அதைப் பார்க்கவில்லை.

இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற குழுவாரிப் பகுதிச் சட்டம் 1950-இலேயே வந்துவிட்டது. அதன்படி 1960-களில் நம்மை மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ எடுத்து இந்த மலைச்சரிவுகளில் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தீப்பெட்டி போல வீடுகள், செம்மண், காற்றடித்தால் சோற்றில் தூசி. இன்று பூங்கா இருக்கும் இடம் வெறும் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் தெருக்காரர்களும் கூடிப் பள்ளத்தை நிரவினார்கள். அப்பா வேலை செய்யும் இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய கன்றுகளைக் கேட்டு வாங்கி வந்து நட்டார். மேல் வாசலில் நிற்கும் இரண்டு மாமரங்களும் அப்படி வந்தவைதான். ஓடைப் பக்கம் இருக்கும் உம்டோனி மரங்களை ஸூலுக்காரர் ஒருவர் கொண்டுவந்து வைத்தார். உம்டோனி நம் நாவலுக்குச் சொந்தக்கார மரம். பழம் அதே போல நாக்கை ஊதாவாக்கும். அம்மா கடைசிவரை அதைக் காட்டு நாவல் என்றுதான் சொன்னார்.

அந்த மரங்களில் ஒன்றின் கிளையைத்தான் போன வருஷம் மேடை லாரி நுழைவதற்காக வெட்டினார்கள். அதே மரத்தடியில்தான் தண்ணீர்த் தொட்டியை இறக்கி வைத்தார்கள். இப்போது போய்ப் பாருங்கள், உச்சிக் கிளைகள் மொட்டையாகிக்கொண்டு வருகின்றன. புல் போனால் கிகுயூ புல் மறுபடி முளைத்துவிடும் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். புல் முளைக்கும் தம்பி. மரத்துக்கு அப்படி இல்லை. மரத்தின் சாப்பாட்டு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேதான் ஓடுகின்றன, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவுகின்றன. லாரியும் ஜெனரேட்டரும் ஆயிரக்கணக்கான கால்களும் ஈர மண்ணை மிதிக்கும்போது மண்ணுக்குள் இருக்கும் காற்றுத் துளைகள் நசுங்கிவிடும். வேருக்கு மூச்சும் கிடைக்காது, தண்ணீரும் இறங்காது. மரம் உடனே விழாது. இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பட்டுப்போகும். அதற்குள் கம்பெனி வேறு ஊரில் மேடை போட்டுக்கொண்டிருக்கும்.

தீபாவளி வருவது அக்டோபர், நவம்பரில். டர்பனில் அதுதான் மழை தொடங்கும் காலம். 2022 ஏப்ரல் வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த இரண்டு நாளில் நம் பூங்கா குடித்த தண்ணீர் கொஞ்சமில்லை. கீழே ஓடையோரத்துத் தகரக் குடிசைகளுக்கு மேலே இருப்பது இந்த ஒரு சரிவுதான். இதை மிதித்து இறுக்கினால் மழைத்தண்ணீர் நேராக அவர்கள் வீட்டுக்குள் போகும்.

அந்தக் குடிசைகளில் இருப்பவர்களைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். தினமும் சாயங்காலம் ஒரு கோகோ (ஸூலுவில் பாட்டி), அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், இங்கே எழுதவில்லை, பேரனைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கு வருவார். மாமரத்தடியில் என் பக்கத்தில் உட்காருவார். எனக்கு வரும் ஸூலுவில் நானும் அவருக்கு வரும் ஆங்கிலத்தில் அவரும் பேசிக்கொள்வோம். போன வருஷம் வேலி போட்ட அன்று அவர் வழக்கம்போல வந்தார். வாசலில் நின்ற காவலாள் டிக்கெட் கேட்டான். அவர் ஒன்றும் சொல்லாமல் பேரன் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்ப்பக்கம் நின்று நான் அதைப் பார்த்தேன். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

இந்த வருஷம் அந்த வாசலில் குத்துவிளக்குப் படம் இருக்கும். டிக்கெட் கேட்பது நம் பெயரில் இருக்கும். இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாதுகாப்பு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2001-இல் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் கால்பந்துப் பார்க்கப் போன 43 பேர் நெரிசலில் இறந்தார்கள். அதன் பிறகு 2010-இல் வந்த சட்டப்படி, 2000 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளின் அபாயத்தைக் காவல்துறை குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வகைப்படுத்த வேண்டும். நம் சாட்ஸ்வர்த்துக்கே அந்தத் துக்கம் தெரியும். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஓர் இரவு விடுதியில் 13 பிள்ளைகளை நெரிசலில் பறிகொடுத்தோம். நம் பூங்காவுக்கு வண்டி நுழையும் வாசல் ஒன்றே ஒன்று. அதில் கூடாரமும் வேலியும் போட்டு ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே விட்டால், மழையோ சண்டையோ வந்தால் அவர்கள் எந்த வழியாக வெளியே ஓடுவார்கள் என்று யாராவது கேட்டீர்களா? பிரச்சினை வந்தால் பத்திரிகையில் வரப்போவது கம்பெனியின் பெயர் மட்டுமல்ல.

சங்கத்துக்குப் பணம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். தமிழ் வகுப்பு நடக்கும் அறைக்கு வாடகை, புத்தகம், ஆசிரியர்களுக்குப் பெட்ரோல் காசு. பதினெட்டு வருஷம் அந்த வகுப்பை நடத்தியவள் நான், இல்லாமையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கம்பெனி உங்களுக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகையை நானும் கேள்விப்பட்டேன். நாம் ஒரு சனிக்கிழமை பிரியாணி விற்றால் அதில் பாதி வந்துவிடும். இரண்டு சனிக்கிழமை விற்போம். வெங்காயம் அரிய, அண்டா கழுவ, டிக்கெட் விற்க ஆள் தருகிறோம். பூங்காவுக்காகக் கையெழுத்து வாங்கிய பிள்ளைகளே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டு அண்டாக்கள் இரண்டும் உங்களுக்குத்தான்.

பெரிய நிகழ்ச்சி வேண்டும் என்று கம்பெனி சொன்னால், அதற்குத் தார் போட்ட வண்டி நிறுத்துமிடமும் நான்கு பக்கமும் வாசலும் உள்ள விளையாட்டு மைதானம் வேறு இருக்கிறது. அங்கே நடத்தட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். நாங்கள் பாட்டுக்கும் கூட்டத்துக்கும் எதிரிகள் இல்லை. ஆடி மாதம் இதே பூங்கா வழியாகத்தான் மாரியம்மன் கரகம் போகிறது. எல்லோருக்கும் கூழ் ஊற்றுகிறோம், யாரிடமும் காசு கேட்டதில்லை. தீபாவளியையும் அப்படிச் செய்யலாமே. ஒரே ஒரு சாயங்காலம். மேடை வேண்டாம், பிள்ளைகள் புல்லில் நின்றே பாடட்டும். நடைபாதை ஓரம் முழுக்க அகல் விளக்கு வைப்போம். வேலி கிடையாது. கீழேயிருந்து வருபவர்கள் வரட்டும், அவர்களுக்கும் பலகாரம் கொடுப்போம். ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை எடுத்துவிட்டுப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு கடிதம். இந்த நிகழ்ச்சி சங்கத்தின் நிகழ்ச்சி அல்ல, எங்கள் பெயரையும் சின்னத்தையும் எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதி, அதன் நகலை வார்டு கவுன்சிலருக்கும் நகராட்சிக்கும் அனுப்புங்கள். பொதுமக்கள் உரிமையைப் பாதிக்கும் முடிவை எடுக்குமுன் மக்களுக்கு அறிவித்துக் கருத்துக் கேட்கும் முறையை 2000-ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டம் வகுத்திருக்கிறது. அந்த வழியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் அந்த விண்ணப்பத்தில் ‘பண்பாடு’ என்ற வார்த்தைக்கு இடமே இல்லாமல் போகும்.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் மேல் வாசல் மாமரத்தடியில் கூடுகிறோம். பட்டுக்கொண்டு வரும் உம்டோனியைச் சுற்றி மண்ணைக் கிளறி மக்கு உரம் போடப் போகிறோம். நீங்கள் எல்லோரும் வாருங்கள். மண்வெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் என்னிடம் அப்பாவுடையது இருக்கிறது. வேலை முடிந்ததும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே மிச்சத்தைப் பேசலாம். அங்கே நான்கு பெஞ்சுகள் இருக்கின்றன.

உங்கள்,
பழைய தமிழ் டீச்சரம்மா
பூங்காவை ஒட்டிய தெருவிலிருந்து