அகாத்தெனாங்கோ: கட்டுரை சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

குவாத்தமாலாவின் அகாத்தெனாங்கோ எரிமலை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரை நன்றாக இருந்தது. படங்கள் அதைவிட நன்று. ஆனால் ‘ஓரளவு நடக்கத் தெரிந்த யாரும் ஏறிவிடலாம்’ என்ற ஒரு வரி மட்டும் அச்சேறியிருக்க வேண்டாம். அதை நம்பி டிக்கெட் போடுகிறவர்களுக்காகவே இந்தக் கடிதம்.

முதலில் உயரக் கணக்கு. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அகாத்தெனாங்கோவில் நடை தொடங்கும் லா சொலெதாத் கிராமமே ஏறக்குறைய 2,400 மீட்டரில் இருக்கிறது. இரவு தங்கும் கூடாரங்கள் 3,600 மீட்டர் வாக்கில், உச்சி 3,976. தொட்டபெட்டா உச்சிக்கும் ஒரு கிலோமீட்டர் மேலே போய்ப் படுக்க வேண்டும். கடற்கரையில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். பெரும்பாலானோர் ஆன்டிகுவா நகரில் ஓரிரவு தங்கிவிட்டு மறுநாளே ஏறுகிறார்கள். அந்த ஊர் 1,530 மீட்டர்தான், உடம்பைப் பழக்க அது போதாது. 2,330 மீட்டரில் இருக்கும் கெட்சால்தெனாங்கோ நகரில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுப் போவதே சரி. முகாமில் லேசான தலைவலி வருவது சகஜம். வாந்தி நிற்காமல் போனாலோ, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் கால் பின்னினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துணைக்கு ஒரு வழிகாட்டியோடு அப்போதே கீழே இறக்கிவிட வேண்டும். பல முகாம்களில் குளிருக்கு இதமாக என்று சூடான ஒயின் கொடுப்பார்கள். அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஏற்றம் நாலு முதல் ஆறு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம்தான் ஆளை உடைக்கும். சோளக்காட்டு ஓரமாகச் செங்குத்தாகப் போகும் பாதை, காலடியில் முழுக்க எரிமலைச் சரளை. இரண்டு அடி வைத்தால் ஒன்று சறுக்கும். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தால் உந்தினால் கெண்டைச்சதை சீக்கிரம் சோர்ந்துவிடும். முழுப் பாதத்தையும் பதித்து, சின்னச் சின்ன அடியாக வைப்பதே வழி. இரண்டு ஊன்றுகோல் அவசியம். இறங்கும்போது சரளை ஷூவுக்குள் புகாமலிருக்கக் கணுக்கால் உறை வேண்டும். கால் நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டாதவர்களுக்கு, இறங்கி முடிப்பதற்குள் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். வழியில் ஊற்றோ ஓடையோ கிடையாது, ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீரைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

எரிமலை என்றதும் எல்லோரும் நெருப்புக்குப் பயப்படுகிறார்கள். 2017 ஜனவரியில் இதே மலையில் ஆறு பேர் இறந்தது குளிரில் விறைத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், காற்றும் சேர்ந்துகொள்ளும். இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: உள்ளே பருத்திப் பனியன், மேலே வாடகைக்கு எடுத்த தடித்த ஜாக்கெட். ஏறும்போது வேர்வையில் ஊறிய பனியன் முகாமில் உட்கார்ந்த பத்தே நிமிடத்தில் ஈரத்துணி போட்ட மாதிரி ஆகிவிடும். மேலே எத்தனை போர்த்தினாலும் நடுக்கம் போகாது. முகாமை எட்டியதும், எதிரே வெடிக்கும் ஃபுவேகோ எரிமலையைப் படம் எடுப்பதற்கு முன்னால், உள்ளாடை வரை கழற்றி உலர்ந்ததை மாட்ட வேண்டும். அதற்கான ஒரு செட் பிளாஸ்டிக் பையில் தனியாக இருக்கட்டும்.

எதிரே தெரியும் ஃபுவேகோ 3,763 மீட்டர். சில நாள் கால் மணிக்கு ஒரு முறை வெடிக்கும். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு அதன் முகட்டுக்கே கூட்டிப்போகும் மாலை நடையைக் கட்டுரை புகழ்ந்திருக்கிறது. எங்கள் கருத்து: வேண்டாம். ஏறிக் களைத்த காலோடு இரண்டு மலைக்கும் நடுவே உள்ள தாழ்விடத்துக்கு இறங்கி, மறுபடி ஏறி, இருட்டில் திரும்ப வேண்டும். பெரிய வெடிப்பு ஒன்று வந்தால் எறிகற்கள் எங்கே விழும் என்று வழிகாட்டிக்கும் தெரியாது. 2018 ஜூன் 3 அன்று இதே மலையிலிருந்து இறங்கிய கொதிசாம்பல், லாஸ் லாஹாஸ் ஓடை வழியே போய் சான் மிகெல் லோஸ் லோத்தெஸ் என்ற ஊரையே மூடியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தும் காணாமலும் போனார்கள். ‘இன்சிவுமே’ என்ற அரசு எரிமலைக் கண்காணிப்பு நிறுவனம் வெளியிடும் அறிக்கையைக் கிளம்பும் அன்று காலையில் பார்ப்பது கட்டாயம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு 2,552 மீட்டர் உயரமுள்ள பக்காயா எரிமலை போதும். முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று குதிரைக்காரர்களே பின்னால் வருவார்கள்.

இன்னொரு திருத்தமும் வேண்டும். கெட்சால்தெனாங்கோவிலிருந்து அதித்லான் ஏரிவரை மூன்று நாள் நடக்கும் வழியை ‘அழிந்துபோன மாயா இனத்தின் பாதை’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நாட்டில் நூற்றுக்கு 41 பேருக்கு மேல் தங்களை மாயா என்றே பதிந்திருக்கிறார்கள். அந்த வழி கிச்சே என்ற மாயா மொழி பேசும் ஊர்களில் தொடங்கி, இன்னொரு மாயா மொழியான சுத்துஹில் பேசும் சான் ஹுவான் லா லகூனா என்ற ஏரிக்கரை ஊரில் இறங்குகிறது. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் ஒரே கொல்லையில் வளரும் நிலங்களின் வரப்பே பல இடங்களில் பாதை. மே முதல் அக்டோபர் வரை மழை, பிற்பகலில் இடியும் உண்டு, ஓடைச்சரிவுகள் பெயர்ந்து வரும். ஆகவே நடையை மதியத்துக்குள் முடிக்க வேண்டும். சைவர்கள் கவனிக்க: கறுப்பு பீன்ஸைப் பன்றிக்கொழுப்பில் தாளிப்பது அங்கே வழக்கம், சமைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். காலையில் எதிர்ப்படுகிறவர்களிடம் ‘சக்காரிக்’ என்று கிச்சேயில் வணக்கம் சொன்னால் முகம் மலர்வார்கள். நெற்றிப்பட்டையில் விறகுச் சுமையைத் தொங்கவிட்டு வருகிறவர் குனிந்தபடியே வருவார், நம்மைப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு மலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால், சுமை இடித்து உருளப்போவது நீங்கள்தான்.

இப்படிக்கு,
மலையேற்ற வாசகர்கள் சிலர், கோவை