ஊரை விட்டுப் போய்ப் பேர் வாங்கிய கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சின்ன ஊர் மைதானத்தில் விசிலோடு தொடங்கி, பெரிய கிளப்புகள், தேசிய அணிகள் என்று போய்விட்டவர்கள் நீங்கள். அதே மாதிரி ஒரு மைதானத்தில் இன்னமும் சிறுவர்களுக்குப் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுக்கிற ஒருவன் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒப்பந்தம் முடியுமுன் ஒரு வீரரை வேறு நாட்டுக் கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், அதற்குமேல் 0.5. ஏதோ ஒரு மூலையில் இருக்கும் கிளப்புக்கு அதில் மைதான விளக்காவது வந்துசேரும். பயிற்சியாளர் விஷயத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. 2011-இல் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் என்ற போர்ச்சுகல் பயிற்சியாளரை அழைத்துக்கொள்ள இங்கிலாந்தின் செல்சி கிளப் 1.5 கோடி யூரோ கொடுத்தது. அதை வாங்கியது அவர் அப்போது வேலை பார்த்த போர்ச்சுகல் கிளப்பான போர்ட்டோ. (அவர் 2024-இல் அதே போர்ட்டோவுக்கு, தன் சொந்த ஊர்க் கிளப்புக்கு, தலைவராகவே வந்துவிட்டார். அது தனிக் கதை.) உங்கள் கையில் முதல் விசிலைக் கொடுத்தவருக்கு எந்த விதியிலும் பங்கு இல்லை. ஊருக்கு நீங்கள் செய்வதெல்லாம் உங்கள் மனசைப் பொறுத்தது.

மனசு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வருகிறீர்கள். மேடை, மைக், ஒரு மூட்டைப் பந்து, ஜெர்சி, போட்டோ. பையன்களுக்கு அன்றிரவு தூக்கம் வராது. மறுநாள் அதே பழைய பயிற்சியை, அதே பழைய தப்போடு செய்கிறார்கள். ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எப்படிப்பட்ட தப்பு என்று சொல்கிறேன். பதினைந்து பையன்களை வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவராக கோலுக்கு அடிக்கச் சொல்வேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம், பந்து காலில் படுவது சில தடவைதான். அதே பையன்களைச் சின்னச் சின்ன அணியாகப் பிரித்து, நாலுக்கு நாலு ஆடவிட்டிருந்தால் எல்லோருக்கும் ஓயாமல் பந்து வந்துகொண்டிருக்கும். அப்புறம், பந்து வந்துசேருமுன் தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது. இதை நான் தெரிந்துகொள்வதற்குள் எத்தனை பையன்கள் என் கையிலிருந்து வளர்ந்து போய்விட்டார்கள்! உங்களுக்கு இதெல்லாம் பால பாடம். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே மூட்டைப் பந்து வேண்டாம். எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். பையன்களுக்கு நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

பிரான்சில் கீ ரூ என்றொருவர். ஓசேர் என்ற சிறிய நகரத்தின் கிளப்பை 1961-இல், 22 வயதில் ஏற்றுக்கொண்டார். அப்போது அது வட்டார அளவில் ஆடும் அமெச்சூர் அணி. 1980-இல் முதல் டிவிஷனுக்கு ஏறியது, 1996-இல் லீகையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. நடுவில் சில இடைவெளிகள் போக, 2005 வரை அவர்தான் பயிற்சியாளர். பின்னால் பெரிய ஆட்டக்காரர்களான எரிக் கான்டோனாவும் பசில் போலியும் அங்கே வளர்ந்தவர்கள். சரி, எல்லோரும் கீ ரூ ஆக முடியாது. ஒரே ஊரில் நாற்பது வருஷம் உட்காருங்கள் என்று யாரிடமும் கேட்கவும் முடியாது.

எனக்குப் பிடித்தது அர்ஜென்டினாவின் மார்செலோ பியெல்சா செய்தது. தன் ஊரான ரொசாரியோவில் நியூவெல்ஸ் ஓல்ட் பாய்ஸ் கிளப்பின் இளையோரைப் பழக்கிவந்த காலத்தில், ஒரு சின்ன ஃபியட் காரில் ஊர் ஊராக அலைந்து பையன்களைத் தேடினார். மர்ஃபி என்ற சிற்றூரில் நடுராத்திரி ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, தூங்குகிற பையனின் கால்களைப் பார்த்துவிட்டு, இவன் ஆட்டக்காரன்தான் என்று முடிவுகட்டினார். அந்தப் பையன்தான் மவ்ரீசியோ பொச்செட்டினோ. இன்று அவரும் பெயர்பெற்ற பயிற்சியாளர். 2009-இல் கிளப் தன் மைதானத்துக்கு பியெல்சாவின் பெயரை வைத்தது. அவரோ பிற்பாடு, கிளப்பின் பயிற்சித் திடலில் வீரர்கள் தங்கக் கட்டடம் எழுப்பச் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். பெயர் வைத்ததைவிட அந்தக் கட்டடமும் பழைய காரும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நேரம் இல்லை என்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தொழிலில் நேரம் எப்போது கிடைக்கும் என்று எங்களுக்கும் தெரியும். நாலு ஆட்டம் தோற்றால் கிளப் அனுப்பிவிடுகிறது. அடுத்த வேலைக்கு மாதக்கணக்கில் ஆகிறது. அதில் இரண்டு வாரம் கொடுங்கள். ஊரில் சொல்லிக்கொடுக்கிற நாலைந்து பேரை உட்காரவைத்து, பத்து வயதுப் பையனுக்கு என்ன, பதினாலு வயதுக்கு என்ன என்று பிரித்துச் சொல்லுங்கள். நாங்கள் பயிற்சி நடத்துவதைக் கோட்டுக்கு வெளியே நின்று பாருங்கள், தப்பென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பயிற்சியாளர் உரிமப் படிப்பின் முதல் படியில் யாரைப் பார்ப்பது, எப்படிச் சேர்வது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. அதற்கு உங்கள் ஒரு போன் போதும். மறுபடி வேலை கிடைத்ததும், எங்களில் ஒருவரை ஒரு வாரம் உங்கள் பயிற்சியை ஓரமாக நின்று பார்க்க விடுங்கள்.

ஒன்று மட்டும். வருவதானால் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சொன்னால் மேடை போட்டுவிடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு நேரே மைதானத்துக்கு வந்துவிடுங்கள். நான் அங்கேதான் இருப்பேன்.