கேம் இசைக்கென விற்ற ஒலித்தொகுப்பில் உள்ள குறைகள்: திருத்திய கோப்புகள் அல்லது முழுப் பணம் கோரும் புகார்

அனுப்புநர்:
கேம் ஒலி வடிவமைப்பாளர் (தனிநபர், சுயதொழில்),
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
ஒலித்தொகுப்பு விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: லூப் ஆகாத (முடிந்ததும் தடையின்றி மீண்டும் சுற்றாத) இசை லேயர்கள், போலி மாற்று அடிகள், தெளிவற்ற உரிமம் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

பறை, தவில், உருமி, நாகஸ்வரம், சுருதி என ஐந்து லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் தனித்தனிப் பதிவுகளாக) பிரித்த இசையும் தனித்தனித் தாள அடிகளும் கொண்ட தங்கள் தொகுப்பைச் சென்ற மாதம் ரூ. 7,500 கொடுத்து வாங்கினேன். ‘கேமில் அப்படியே போடலாம், இடைவெளியின்றிச் சுற்றும்’ என்பது விற்பனைப் பக்கத்தில் இருக்கும் வாக்குறுதி. அது பொய்த்துவிட்டது. உங்கள் உதவிப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதியும், முதலில் ஆடியோ டிரைவரைப் புதுப்பிக்கவும், பிறகு கிராஸ்ஃபேட் (ஒரு முனை தேயத் தேய மறுமுனை எழும் கலப்பு) போடவும் சொல்லித்தான் பதில் வந்தது. குறை என் கணினியில் இல்லை, கோப்புகளில் இருக்கிறது. அதை எண்களோடு கீழே தருகிறேன்.

முக்கியமானது நீளம். தொகுப்பின் பிரதான இசை 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 பீட்), நான்கு பீட் கொண்ட 16 பார் (தாளப் பகுதி). 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளி) என்ற கணக்கில், ஒரு பீட்டுக்கு 32,000 சாம்பிள், 64 பீட்டுக்கு 20,48,000 சாம்பிள். ஐந்து லேயரும் இந்த நீளத்தில்தான் இருக்க வேண்டும், ஒன்றுகூட ஏறவோ இறங்கவோ கூடாது. சுருதி லேயர் சரியாக இருக்கிறது. பறை, தவில் லேயர்கள் 20,50,560 சாம்பிள் நீளம் இருக்கின்றன. இந்த எண்ணை 1,152 ஆல் வகுத்தால் மீதியின்றி 1,780 வருகிறது. 1,152 சாம்பிள் என்பது ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 வடிவில் ஃபிரேம் (துண்டு) ஒன்றின் அளவு. தொடக்கத்தில் 1,105 சாம்பிள் வெறும் அமைதி: எம்பி3 ஆக்கும் லேம் என்கோடர் சேர்க்கும் 576, அதைத் திறக்கும் டிகோடர் சேர்க்கும் 529. ஸ்பெக்ட்ரம் (அதிர்வெண் வாரியான படம்) பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் நறுக்கியதுபோல ஒன்றுமில்லை. ஆக, யாரோ எம்பி3 கோப்பைத் திறந்து வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) என்று மறுபடி சேமித்து எனக்கு விற்றிருக்கிறார்கள். பெயரின் பின்னொட்டு மாறினாலும் உள்ளே சேர்ந்த அமைதி போகாது, போன ஒலியும் திரும்பாது.

இதனால் கேமில் நடப்பது இதுதான். கூடுதலாக உள்ள 2,560 சாம்பிள் என்பது 53 மில்லி விநாடி. ஒவ்வொரு சுற்றிலும் பறை அவ்வளவு பின்தங்குகிறது. பத்துச் சுற்று, அதாவது ஏழு நிமிடம் ஓடினால் 533 மில்லி விநாடி. ஒரு பீட்டின் முழு நீளமே 667 மில்லி விநாடிதான். விளையாடுபவர் காட்டில் நிதானமாகச் சுற்றிவிட்டு எதிரியைச் சந்திக்கும்போது பறை லேயரின் ஒலியைத் திறந்தால், சுருதியோடும் நாகஸ்வரத்தோடும் ஒட்டாத தாளம் கேட்கிறது. தாளம் தப்பிய மேளத்தை எந்தக் கோயில் வாசலிலும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். கேம் விளையாடுபவருக்கும் அதே காதுதான்.

யூனிட்டி என்ற கேம் இன்ஜினில் எல்லா லேயரையும் ஒரே டிஎஸ்பி (ஒலிச்செயலிக் கடிகார) நேரத்துக்குத் திட்டமிட்டுத் தொடங்கினேன். பிறகு ரீப்பர் என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் வரிசையாக வைத்தும் பார்த்தேன். இரண்டிலும் அதே விலகல்.

முனைகளில் கிராஸ்ஃபேட் போடுங்கள் என்பது உங்கள் இரண்டாவது பதில். அது ஒரு லேயரின் தையலை மறைக்கும், நீள வேறுபாட்டை மாற்றாது. தவிர, இந்த இசையின் முதல் பீட்டிலேயே தவிலின் முழு அடி விழுகிறது. அதன் மேல் ஃபேட் போட்டால் அடியின் முனை மழுங்கிவிடும். அந்த முனைக்காகத்தான் தவிலையே வாங்குகிறோம்.

சண்டைக்கான இசையில் வேறு குறை. கடைசி இரண்டு விநாடி மெல்லத் தேய்ந்து மறைகிறது. அது பாட்டாகக் கேட்க வேண்டிய முடிவு, சுற்ற வேண்டிய இசைக்கு ஆகாது. அமைதிக் காட்சிக்கான இசையிலோ ரிவர்ப்பின் (அறை எதிரொலியின்) வால் 16ஆவது பாரின் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கிறது. சுற்று திரும்பும்போது அறையே சட்டென்று காணாமல் போகிறது. இதற்கு வழி எளிது. ஒரே இசையை அடுத்தடுத்து இரண்டு முறை ஓடவிட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவதின் தலையில் தானாக அமர்ந்திருக்கும். அல்லது வாலைத் தனியாகக் கொடுங்கள், வைஸ் என்ற கேம் ஒலி மென்பொருளில் வெளியேறும் குறிக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

ஒலி அளவு பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து லேயரும் தனித்தனியே லிமிட்டர் (உச்ச ஒலியை அடக்கும் கருவி) வழியாகப் போய், 0 என்ற உச்சவரம்பை ஒட்டிய மைனஸ் 0.1 டெசிபலில் முட்டி நிற்கின்றன. இரண்டின் உச்சம் ஒரே கணத்தில் சேர்ந்தால் 6 டெசிபல் கூடும், ஐந்தும் சேர்ந்தால் 14 வரை போகும். தாள வாத்தியங்களில் உச்சங்கள் முதல் பீட்டில்தான் சேரும், ஆகவே ஒவ்வொரு பாரின் தொடக்கத்திலும் உடைசல். லேயர்களைக் கூட்டி, நீங்கள் தந்த முழுக் கலவையின் அலையைத் தலைகீழாக்கிச் சேர்த்தால் ஒன்றையொன்று அழித்து அமைதி வர வேண்டும். வருவதோ பம்மிப் பம்மி எழும் மீதி ஒலி. பறை லேயர் மட்டுமே மைனஸ் 9 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் உரப்பின் அளவு; 0-ஐ நெருங்க நெருங்க உரக்கும்). சோனியின் ஒலிக்குழுப் பரிந்துரை கன்சோல் கேமின் மொத்த ஒலிக்கே மைனஸ் 24, கையடக்கக் கருவிக்கு மைனஸ் 18 என்கிறது. லிமிட்டரை எடுத்துவிட்டு, கலவையில் இருந்த அளவிலேயே லேயர்களைத் தந்தால் போதும். உரக்க வைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

தனி அடிகளுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். ‘அடிக்குச்சியால் பறை, 12 மாற்று அடிகள்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே அடி திரும்பத் திரும்பக் கேட்டால் இயந்திரத் துப்பாக்கிபோல இருக்கும், அதனால்தான் மாற்றுகளை மாறிமாறி ஒலிக்க விடுகிறோம். உங்கள் 12 கோப்பில் நிஜ அடி நான்குதான். மற்ற எட்டும் அந்த நான்கையே சுருதி ஏற்றியும் இறக்கியும் செய்தவை. பழைய சுருதிக்குத் திருப்பித் தலைகீழாக்கி மூலத்தோடு சேர்த்தால் ஏறத்தாழ முழு அமைதி வருகிறது. சுருதியைச் சிறிது மாற்றுவதை எஃப்மாட் என்ற கேம் ஒலி மென்பொருளோ யூனிட்டியோ ஓடும்போதே செய்துவிடும், அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. பறையடிக்கும் கலைஞரின் கையில் இரண்டு அடி ஒன்றுபோல விழாது. விளிம்பு, நடு, சிம்புக்குச்சியின் சிறுதட்டல், மெல்லிய அடி, ஓங்கிய அடி என்று அவரிடம் இருந்த செல்வத்தில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

அந்த நான்கும் ஒன்றோடொன்று சேரவில்லை. இரண்டு கணீரென்று இருக்கின்றன, இரண்டு தொங்கிப்போய் இருக்கின்றன. தீயில் காய்ச்சிய தோல் ஆற ஆறச் சுருதி இறங்கும். காய்ச்சியவுடன் எடுத்த அடியையும் ஆறிய பிறகு எடுத்த அடியையும் ஒரே வரிசையில் கலந்தால், கேமில் ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் வேறு பறை கேட்கும். சில எடுப்புகளுக்கு ஒருமுறை மறுபடி காய்ச்சிப் பதிவு செய்யுங்கள், அல்லது ஆறிய அடிகளைத் தனித்தொகுதியாகப் பெயரிடுங்கள்.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சுமார் 45 மில்லி விநாடி அமைதி வேறு. நொடிக்கு 60 ஃபிரேம் (படச்சட்டம்) ஓடும் கேமில் அது கிட்டத்தட்ட மூன்று ஃபிரேம். பொத்தானை அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வருவதை விளையாடுபவர் உடனே உணர்வார். உருமியிலோ நேர்மாறான குறை: வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும் அந்த நீண்ட உறுமலை 400 மில்லி விநாடியில் வெட்டிவிட்டீர்கள். தொடக்கம், சுற்றக்கூடிய நடுப்பகுதி, முடிவு என மூன்றாகத் தந்தால்தான் எதிரி பதுங்கியிருக்கும் நேரம் முழுக்க அதை நீட்டிப் பிடிக்க முடியும்.

உரிம பிடிஎஃப் வீடியோவுக்கான ஒத்திசைவு (காட்சியோடு இசையைச் சேர்க்கும்) உரிமை பற்றி மட்டுமே பேசுகிறது, கேம் என்ற சொல்லே அதில் இல்லை. கேமுக்குள் வைத்து விற்கவும், விளையாடுபவர்கள் யூடியூபில் பதிவேற்றும்போது கன்டென்ட் ஐடி (யூடியூபின் தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனை) உரிமைகோரல் வராமல் இருக்கவும் எழுத்துமூல உறுதி வேண்டும்.

நான் கோருவது: மூல செஷன்களிலிருந்து (அசல் பதிவுக் கோப்புகளிலிருந்து) நேரடியாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் வடிவில், ஐந்து லேயரும் சரியாக 20,48,000 சாம்பிள் நீளத்தில், லிமிட்டர் இன்றி, அமைதி வெட்டிய, நிஜமான 12 பறை அடிகள், மூன்று பகுதியாக உருமி, திருத்திய உரிமம். மூல செஷன் உங்களிடம் இல்லையென்றால் ரூ. 7,500 முழுவதையும் திருப்பித் தாருங்கள், கோப்புகளை அழித்துவிடுகிறேன். விற்பனைப் பக்கத்திலிருந்து ‘இடைவெளியின்றிச் சுற்றும்’ என்ற வரியையும் அதுவரை நீக்கிவையுங்கள்.

2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். சாம்பிள் அளவீடுகள், ஸ்பெக்ட்ரம் படங்கள், தலைகீழாக்கிச் சேர்த்த சோதனைக் கோப்புகள், ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்