கெயோ பல்கலைக்கழகம்: எந்த ஆண்டைச் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் தனியார் பல்கலைக்கழகங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகம் 1858-ல் தொடங்கியது என்று இருந்தது. ஆண்டு சரி. ஆனால் அன்று தொடங்கியது பல்கலைக்கழகமும் அல்ல, அதற்குக் கெயோ என்ற பெயரும் இல்லை. கெயோ என்பது 1865 முதல் 1868 வரை வழங்கிய சகாப்தத்தின் பெயர்.

1858-ல் நகாட்சு சிற்றரசின் ஆணைப்படி ஃபுகுசாவா யுகிச்சி என்ற அறிஞர் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) ஆரம்பித்தது ஒரு டச்சு மொழிப் பள்ளி. மறு ஆண்டு யோகோஹாமா துறைமுகத்துக்குப் போனவருக்கு, டச்சு தெரிந்திருந்தும் கடைப் பலகையும் புரியவில்லை, புட்டியில் ஒட்டிய சீட்டும் புரியவில்லை. உடனே ஆங்கிலத்துக்கு மாறினார். 1868-ல் பள்ளி இடம் மாறியபோதுதான் சகாப்தத்தின் பெயரைச் சூட்டினார்கள். 1871-ல் அதே நகரின் மிதா பகுதிக்கு வந்தது.

கட்டுரையில் விடுபட்ட முக்கியமான செய்தி, கட்டணம். அதுவரை ஜப்பானில் மாணவர்கள் ஆசிரியருக்குக் காணிக்கைதான் வைப்பார்கள். தாளில் மடித்து, அலங்கார முடிச்சுக் கட்டித் தருவது முறை. அரசு உதவியோ பிரபுவின் தயவோ இல்லாத பள்ளி அதை நம்பி நடக்காது. ஆகவே அன்றைய நாணயத்தில் ஆளுக்கு மாதம் 2 பு என்று நிர்ணயித்தார் ஃபுகுசாவா. 4 பு சேர்ந்தால் 1 ரியோ. ஆசிரியர் ஒருவர் மாதம் 4 ரியோவில் சாப்பிட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. அப்படியானால் எட்டு மாணவர் சேர்ந்தால் ஓர் ஆசிரியருக்கு வழி பிறந்தது. யாராவது பழைய வழக்கப்படி மடித்துக் கொண்டுவந்தால், பணத்தைச் சரிபார்க்க இடைஞ்சல் என்று சொல்லி மேலுறையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். தனியார் கல்வி தன் காலில் நின்றது இப்படித்தான்.

இலக்கியம், பொருளியல், சட்டம் என மூன்று பிரிவுகளோடு பல்கலைக்கழகப் பகுதி வந்தது 1890-ல். சட்டப்படி பல்கலைக்கழகம் ஆனதோ 1920-ல், இன்னொரு தனியார் நிறுவனமான வசேதாவுடன். இடையில் 30 ஆண்டு போனதற்குக் காரணம், தனியாருக்கு அந்தத் தகுதியைத் தரச் சட்டமே இல்லாததுதான். 1918-ல் வந்த ஆணையும் சும்மா தரவில்லை: ஒரு புலத்துக்கு (அதாவது பாடப் பிரிவுக்கு) 5 லட்சம் யென், கூடுதலாக ஒவ்வொரு புலத்துக்கும் 1 லட்சம் யென் என்று வைப்புத்தொகை கேட்டது. 1917-ல் நுண்ணுயிரியல் அறிஞர் கிதாசாதோ ஷிபாசாபுரோ தலைமையில் தொடங்கிய மருத்துவத்தையும் சேர்த்துக் கெயோவுக்கு நான்கு புலங்கள். கணக்கு 8 லட்சத்துக்கு வரும்.

தேதிகளிலும் கவனம் வேண்டும். எடோவின் உயெனோ பகுதியில் புதிய அரசின் படையும் பழைய ஷோகன் ஆட்சியின் ஆதரவாளர்களும் மோதிய உயெனோ போர் நாளில், பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே ஃபுகுசாவா பொருளியல் பாடம் நடத்தியது மே 15 என்றும் 1868 ஜூலை 4 என்றும் இரண்டு விதமாகக் காணப்படும். இரண்டும் ஒரே நாள். முன்னது பழைய சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 15-ஆம் நாள். 1873 ஜனவரி 1 முதல்தான் ஜப்பான் இன்றைய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய தேதி எதைப் போட்டாலும், எந்த நாட்காட்டி என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.